தோற்ற அணி தேசியச் சாம்பியன், வென்ற அணி முதல் சுற்றிலேயே வெளியே: கான்ஃபரன்ஸ் தொடர் எதற்காக?

கேள்வி இதுதான்: 2022 மார்ச்சில் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி, தன் கான்ஃபரன்ஸ் தொடரின் இறுதி ஆட்டத்தில் கென்டக்கியிடம் தோற்றது. நான்கு வாரம் கழித்து அதே அணி அமெரிக்காவின் தேசியச் சாம்பியன் ஆனது. தோற்றும் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றால், இரண்டு மாதம் லீக் ஆட்டங்களை ஆடி முடித்த பிறகு அந்த ஐந்து நாள் தொடரை எதற்காக நடத்துகிறார்கள்?

சுருக்கமான பதில்: அந்தத் தொடரில் எல்லா அணிகளும் ஒரே பரிசுக்காக ஆடுவதில்லை. முதலிடத்து அணிக்கு அது ஒரு கோப்பை. நடுவில் இருக்கும் அணிக்கு மார்ச் மாதத்தின் பாதையையே மாற்றும் வாய்ப்பு. கடைசியில் இருக்கும் அணிக்குத் தேசியத் தொடருக்குள் நுழைய மிச்சமிருக்கும் ஒரே கதவு. சவுத் கரோலினாவின் பக்கத்தில் நின்று மட்டும் பார்த்தால் தொடர் வீண் போலத் தெரியும். மற்ற அணிகளின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் கனம் புரியும். இதை விரிவாகச் சொல்வதற்கு நீங்கள் குறிப்பிட்ட அந்த 2022 தொடரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முதலில் அமைப்பு பற்றிக் கொஞ்சம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. அதன் முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட பெண்கள் கூடைப்பந்து அணிகள் இருக்கின்றன. அத்தனை அணிகளும் ஒன்றோடொன்று மோத வழியில்லை. ஆகவே அவை கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகச் சேர்ந்து, ஆண்டுக் கடைசியில் வெளி அணிகளோடும், புத்தாண்டு பிறந்த பிறகு பெரும்பாலும் தம் குழுவுக்குள்ளேயும் ஆடுகின்றன. குழுவுக்குள் ஆடுபவைதான் லீக் ஆட்டங்கள். மார்ச் பிறந்ததும் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தன் அணிகளை ஓரிடத்தில் கூட்டி நாக் அவுட் தொடர் நடத்தும். அதில் வெல்லும் அணிக்கு என்.சி.ஏ.ஏ. தேசியத் தொடரில் நேரடி இடம் உண்டு. 2022இல் தேசியத் தொடரில் இருந்த 68 இடங்களில் 32 இப்படிப்பட்ட நேரடி இடங்கள். மீதி 36 இடங்களுக்கான அணிகளை ஒரு தேர்வுக் குழு பருவம் முழுவதன் ஆட்டத்தையும் அலசித் தேர்ந்தெடுத்தது.

சவுத் கரோலினாவும் கென்டக்கியும் இருப்பது தென்கிழக்கு கான்ஃபரன்ஸில். சுருக்கமாக எஸ்.இ.சி. பெண்கள் கூடைப்பந்தில் மிகக் கடுமையான குழுக்களில் ஒன்று. 2022இல் அதில் 14 அணிகள் இருந்தன. தொடர் புதன்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும். லீக்கில் முதல் நான்கு இடம் பிடித்த அணிகள் வெள்ளிக்கிழமை காலிறுதிக்கு வந்தால் போதும். அந்த ஆண்டு ஐந்து முதல் பத்து வரையிலான அணிகள் வியாழக்கிழமையே களம் இறங்க வேண்டியிருந்தது. கடைசி நான்கு அணிகளுக்குப் புதன்கிழமையே ஆட்டம் இருந்தது. அதாவது முதலிடத்து அணி மூன்று நாளில் மூன்று ஆட்டம் வென்றால் கோப்பை. கடைசி அணி ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்றாக வேண்டும். ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. லீக்கில் உழைத்ததற்கான கூலி இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. லீக் ஆட்டங்கள் பொருளற்றுப் போகின்றன என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அந்த ஆண்டு கென்டக்கி ஏழாம் இடம். ஏழாம் இடத்துக்கு வந்ததே பெரும்பாடு. எஸ்.இ.சி. லீக்கின் முதல் பத்து ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றிருந்தது. அணியில் ரைன் ஹோவர்ட் என்ற அபாரமான வீராங்கனை இருந்தும் இந்த நிலை. எஸ்.இ.சி.யின் ஆண்டுச் சிறந்த வீராங்கனை விருதை இரண்டு முறை வாங்கியவர் அவர். சில வாரம் கழித்து, பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் வீராங்கனைத் தேர்வில் முதல் ஆளாக அட்லாண்டா அணிக்குப் போனவர். அப்படிப்பட்டவர் ஆடும் அணி எட்டு லீக் தோல்விகளோடு பிப்ரவரியில் நின்றது. பிறகு கடைசி ஆறு லீக் ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று, எட்டு வெற்றி எட்டுத் தோல்வி என்ற சம நிலையில் நாஷ்வில் நகரத்துக்கு வந்து சேர்ந்தது.

நாஷ்வில் டென்னசி மாநிலத்தில் இருந்தாலும் கென்டக்கி எல்லைக்குப் பக்கத்து ஊர். வியாழக்கிழமை மிசிசிப்பி ஸ்டேட் அணியை வென்றது கென்டக்கி. வெள்ளிக்கிழமை இரண்டாம் இடத்து எல்.எஸ்.யு.வை, அதாவது லூசியானா ஸ்டேட் அணியை, 78-63 என்று வீழ்த்தியது. அது பயிற்சியாளர் கிம் மல்கி அங்கே பொறுப்பேற்ற முதல் பருவம், அரங்கம் அதிர்ந்துபோனது. சனிக்கிழமை மூன்றாம் இடத்து டென்னசியை 83-74 என்று வென்றது. மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஆடிய கால்களோடு ஞாயிற்றுக்கிழமை சவுத் கரோலினாவுக்கு எதிரே வந்து நின்றது.

சவுத் கரோலினா அப்போது நாட்டின் முதல் தர அணி. அந்தப் பருவத்தில் அதுவரை ஒரே ஒரு தோல்வி, அதுவும் டிசம்பர் கடைசியில் மிசூரியிடம் கூடுதல் நேரத்தில் ஒரே புள்ளியில். அதன் பிறகு தொடர்ந்து வெற்றிகள்தான். அணியின் நடு ஆட்டக்காரர் அலியா பாஸ்டன். கூடைக்குக் கீழே அவரிடமிருந்து ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் தெறித்து வரும் பந்தை, பறிப்பது அந்த ஆண்டு யாருக்கும் எளிதாக இருக்கவில்லை. எதிர்பார்த்தபடியே சவுத் கரோலினா ஒரு கட்டத்தில் 15 புள்ளி முன்னிலைக்குப் போனது. நான்காவது நாளாக ஆடும் அணி அந்த இடத்தில் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கென்டக்கி உட்காரவில்லை. புள்ளி புள்ளியாக நெருங்கி வந்தது. ஆட்டம் முடிய 4.2 நொடி இருக்கும்போது ட்ரீயுனா எட்வர்ட்ஸ் எறிந்த மூன்று புள்ளிக் கூடை உள்ளே விழுந்தது. 64-62. அன்று எட்வர்ட்ஸ் மட்டும் 27 புள்ளிகள். கென்டக்கி இதற்கு முன் இந்தக் கோப்பையை வென்றது 1982இல், வலெரி ஸ்டில் ஆடிய காலத்தில். நடுவில் 40 ஆண்டுகள்.

நீங்கள் கேட்ட கேள்வி இதற்குப் பிறகுதான் கூர்மையாகிறது. கென்டக்கி தேசியத் தொடரில் நேரடி இடம் பெற்றது. தேர்வுக் குழு பலத்தின் வரிசையில் அணிகளுக்குத் தருவது தர எண். ஆறாம் தர எண்ணோடு கென்டக்கி முதல் சுற்றில் பிரின்ஸ்டனைச் சந்தித்து, 69-62 என்று தோற்று வெளியேறியது. சவுத் கரோலினாவோ ஆறு ஆட்டங்களையும் வென்று, ஏப்ரல் 3 அன்று மினியாபொலிஸ் நகரில் கனெக்டிகட்டை 64-49 என்று வீழ்த்தியது. தேசிய இறுதி ஆட்டத்தில் அதற்கு முன் பதினொரு முறை ஆடிப் பதினொரு முறையும் வென்றிருந்த கனெக்டிகட்டுக்கு அதுதான் இறுதியில் கிடைத்த முதல் தோல்வி.

அடுத்த ஆண்டும் ஏறக்குறைய இதே கதை. 2023 எஸ்.இ.சி. அரையிறுதியில் எல்.எஸ்.யு. பெரிய முன்னிலையைக் கோட்டைவிட்டு டென்னசியிடம் 69-67 என்று தோற்றது. இறுதியில் டென்னசியை வென்று கோப்பையைத் தூக்கியது சவுத் கரோலினா, அந்தப் பருவத்தில் அதுவரை ஒரு தோல்வியும் இல்லாமல். ஆனால் தேசிய அரையிறுதியில் சவுத் கரோலினா அயோவாவிடம் வீழ்ந்தது. தேசியக் கோப்பை யாருக்கு? கான்ஃபரன்ஸ் அரையிறுதியோடு ஊர் திரும்பிய எல்.எஸ்.யு.வுக்கு.

இதைத் தற்செயல் என்று நினைக்க வேண்டாம். டென்னசியின் பயிற்சியாளர் பாட் சம்மிட் எட்டுத் தேசியக் கோப்பைகள் வென்றவர். அந்த எட்டு ஆண்டுகளையும் எஸ்.இ.சி. தொடரின் முடிவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1989, 1996, 1998, 2008 ஆகிய ஆண்டுகளில் இரண்டு கோப்பைகளும் அவருடையவை. 1987, 1991, 1997, 2007 ஆகிய ஆண்டுகளில் கான்ஃபரன்ஸ் தொடரைத் தோற்றுவிட்டுத் தேசியத் தொடரை வென்றார். சரிபாதி. இந்தக் கான்ஃபரன்ஸ் கண்ட மிகப் பெரிய பயிற்சியாளருக்கே சரிபாதிதான் என்றால், கான்ஃபரன்ஸ் தொடரைத் தேசியச் சாம்பியனை முன்கூட்டிச் சொல்லும் சோதனையாகப் பார்ப்பதே தவறு. அது அந்த வேலைக்காக ஏற்படுத்தப்பட்டதே இல்லை.

அப்படியானால் எந்த வேலைக்காக? பெண்கள் கூடைப்பந்துக்கே உரிய ஒரு விதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆண்கள் தொடரை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். ஆண்கள் தேசியத் தொடரில் முதல் இரண்டு சுற்றுகளும் பொது அரங்குகளில் நடக்கும். பெண்கள் தொடரில், தேர்வுக் குழு முதல் 16 இடங்களில் வைக்கும் அணிகள் அந்த இரண்டு சுற்றுகளையும் தங்கள் சொந்த அரங்கில் ஆடும். தங்கள் ரசிகர்கள், தங்கள் தரை, தங்கள் உடை மாற்றும் அறை. பதினாறாவது அணிக்கும் பதினேழாவது அணிக்கும் ஆட்டத்திறனில் மயிரிழை வித்தியாசம்தான் இருக்கும். ஆனால் ஒன்று தன் வீட்டில் ஆடும், மற்றது விமானம் ஏறி எதிரியின் வீட்டுக்குப் போகும். அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் அணிக்குக் கான்ஃபரன்ஸ் தொடரில் கிடைக்கும் ஒரே ஒரு நல்ல காலிறுதி வெற்றி அதைக் கோட்டுக்கு மேலே தூக்கிவிடலாம்.

கென்டக்கியின் கதையை இந்த வெளிச்சத்தில் மறுபடி பாருங்கள். அந்த நான்கு வெற்றிகள் அதைப் பல படிகள் ஏற்றின. ஆனாலும் ஜனவரியில் சேர்ந்த தோல்விகளின் பாரம் போகவில்லை. ஒவ்வொரு தர எண்ணும் நான்கு அணிகளுக்குத் தரப்படும் என்பதால், ஆறாம் தர எண் என்றால் முதல் 16க்கு வெளியே. அதனால் அது இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டனுக்குப் பயணம் போய் ஆட வேண்டியிருந்தது. சவுத் கரோலினா ஞாயிற்றுக்கிழமை தோற்றும் அதன் முதல் தர எண் அசையவில்லை. தன் ஊரான கொலம்பியாவில் சொந்த அரங்கில் முதல் இரண்டு சுற்றுகளை ஆடியது. அந்தத் தோல்விக்கும் முதல் சுற்றுக்கும் நடுவே பன்னிரண்டு நாள் இடைவெளி வேறு. பெரிய கான்ஃபரன்ஸ்களின் பெண்கள் தொடர்கள் தேர்வு அறிவிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம் முன்பே முடிந்துவிடுகின்றன. பிழைகளைச் சரிசெய்ய அந்த ஒரு வாரம் பயிற்சியாளர்களுக்குப் பொன்னான காலம். முன்னிலையில் இருக்கும்போது கடைசி நிமிடங்களை எப்படிக் கையாள்வது என்ற பாடத்தை சவுத் கரோலினா இழப்பே இல்லாத இடத்தில் கற்றுக்கொண்டது என்பது என் கருத்து. தேசியத் தொடரில் அந்தப் பாடத்துக்கு விலை மிக அதிகம்.

இதிலிருந்து சிலர் ஒரு படி மேலே போய், பெரிய அணிகளுக்குக் கான்ஃபரன்ஸ் தொடரில் தோற்பது நல்லது என்று வாதிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. 2017இல் சவுத் கரோலினா எஸ்.இ.சி. இறுதியில் மிசிசிப்பி ஸ்டேட்டை வென்றது. தேசிய இறுதியிலும் அதே மிசிசிப்பி ஸ்டேட்டைச் சந்தித்து வென்றது. 2024இல் ஒரு தோல்வியும் இல்லாமல் 38 ஆட்டங்களையும் வென்று தேசியக் கோப்பையை எடுத்தது, கான்ஃபரன்ஸ் கோப்பை உட்பட. வெல்லும் பழக்கம் எந்த அணியையும் கெடுத்ததாக நான் பார்த்ததில்லை.

அந்த 2024 தொடரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அரையிறுதியில் டென்னசிக்கு எதிராக சவுத் கரோலினா 23 புள்ளி முன்னிலை பெற்று, அதை முழுவதும் இழந்தது. ஆட்டம் முடிய 1.1 நொடி. டென்னசி 73, சவுத் கரோலினா 71. பக்கக் கோட்டிலிருந்து பந்து உள்ளே வந்தது. அதை வாங்கியவர் பிரேசிலைச் சேர்ந்த கமிலா கார்டோசோ. ஆறடி ஏழு அங்குல உயரம். கூடைக்கு அடியில் நின்று ஆடுவதே அவர் வேலை. கல்லூரி வாழ்க்கையில் அதுவரை ஒரு மூன்று புள்ளிக் கூடைகூடப் போட்டதில்லை. அவர் தூரத்திலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. 74-73. மறுநாள் எல்.எஸ்.யு.வுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் தள்ளுமுள்ளு ஏற்பட்டு, அதே கார்டோசோ வெளியேற்றப்பட்டார். சவுத் கரோலினா 79-72 என்று வென்றது, ஆனால் தேசியத் தொடரின் முதல் ஆட்டத்தில் அவர் ஆட முடியவில்லை. ஒரே வார இறுதியில் ஒருவரின் பெருமையும் தண்டனையும். கோப்பைக்கு மதிப்பே இல்லை என்றால் இரண்டு அணிகளும் இவ்வளவு கொதிப்போடு மோதியிருக்குமா?

இடம் பற்றியும் ஒரு நியாயமான குறை உண்டு. 2017 முதல் 2025 வரை இந்தத் தொடர், நாஷ்வில்லுக்குப் போன 2018, 2022 ஆண்டுகளைத் தவிர, சவுத் கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் நகரில்தான் நடந்திருக்கிறது. கொலம்பியாவிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். சவுத் கரோலினா ரசிகர்கள் காலையில் காரில் கிளம்பி மாலை ஆட்டத்துக்கு வந்துவிடலாம். நாட்டிலேயே பெண்கள் கூடைப்பந்துக்கு மிக அதிகமாகக் கூட்டம் கூடுவது அந்த அணிக்குத்தான். எனவே "பொது அரங்கு" என்ற பெயருக்கு அங்கே அதிகப் பொருளில்லை. டெக்சஸிலிருந்தோ மிசூரியிலிருந்தோ வரும் அணிகளுக்கு இது சங்கடம்தான். ஊரைச் சுழற்சி முறையில் மாற்றுவது நல்லது என்று நினைக்கிறேன். ஆனாலும் அரங்கத்தின் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும். பெண்கள் ஆட்டத்துக்கென்று ஐந்து நாளும் ஆர்வத்தோடு இருக்கையை நிரப்பும் ஊர் எளிதில் கிடைப்பதில்லை. பக்கத்து ஊர் என்பதால் மட்டும் வெற்றி வந்துவிடுவதும் இல்லை. 2019இல் அதே கிரீன்வில்லில் சவுத் கரோலினா காலிறுதியிலேயே ஆர்கன்சாவிடம் தோற்றது. கோப்பை மிசிசிப்பி ஸ்டேட்டுக்குப் போனது.

2025இல் டெக்சஸ், ஒக்லஹோமா ஆகியவை சேர்ந்த பிறகு நடந்த முதல் தொடர். இப்போது 16 அணிகள், 15 ஆட்டங்கள். அந்த ஆண்டு லீக் முடிவில் சவுத் கரோலினாவும் டெக்சஸும் ஆளுக்கு 15 வெற்றி, ஒரு தோல்வி. அந்த ஒரு தோல்வியும் ஒன்று மற்றொன்றிடம் வாங்கியது. சமநிலையை உடைக்கும் விதிகள் எல்லாம் தீர்ந்துபோய், கான்ஃபரன்ஸ் ஆணையர் கிரெக் சாங்கி நாணயம் சுண்டி முதல் தர எண்ணைத் தீர்மானித்தார். அது சவுத் கரோலினாவுக்கு விழுந்தது. அரங்கில் இரண்டு அணிகளும் இறுதியில் சந்தித்தபோது 64-45 என்று சவுத் கரோலினா வென்றது. சுண்டிய நாணயம் தீர்க்காததைத் தரையில் தீர்த்துக்கொள்ள ஒரு மேடை இருந்தது என்பது எனக்கு நிறைவான விஷயம். லீக்கோடு நிறுத்தியிருந்தால் ஒரு நாணயத்தின் பேரில் ஒரு வெற்றியாளர் அறிவிக்கப்பட்டிருப்பார், அல்லது இருவரும் பாதிப் பாதி மகிழ்ச்சியோடு போயிருப்பார்கள்.

இதுவரை பேசியது பெரிய கான்ஃபரன்ஸ் பற்றி. அங்கே லீக்கில் நன்றாக ஆடிய அணிகளுக்குத் தேர்வுக் குழு எப்படியும் இடம் தரும். சிறிய கான்ஃபரன்ஸ்களில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கிருந்து பெரும்பாலும் ஒரே ஒரு அணிதான் தேசியத் தொடருக்குப் போகும், அது கான்ஃபரன்ஸ் தொடரை வென்ற அணி. லீக்கில் முதலிடம் பிடித்துவிட்டுக் கடைசி ஆட்டத்தில் கணுக்காலைப் பிசகிக்கொண்டால், அந்தப் பருவத்தின் கனவு அங்கேயே முடிந்தது.

2022 தேசியத் தொடரில் சவுத் கரோலினா முதலில் சந்தித்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ஹோவர்ட் தன் சிறிய கான்ஃபரன்ஸின் தொடரை வென்று உள்ளே வந்தது. அந்த ஆண்டுதான் பெண்கள் தேசியத் தொடர் 64 அணிகளிலிருந்து 68 அணிகளாக விரிந்து, நுழைவுச் சுற்று ஒன்று புதிதாகச் சேர்ந்தது. அதில் ஹோவர்ட் சந்தித்தது டெக்சஸ் மாநிலத்தின் இன்கார்னேட் வேர்ட் பல்கலைக்கழகத்தை. அந்த அணிக்குப் பருவத்தில் வெற்றிகளைவிடத் தோல்விகள் அதிகம். கான்ஃபரன்ஸ் தொடரில் சில நாள் உயிரைக் கொடுத்து ஆடியதால் மட்டுமே அங்கே நின்றது. 55-51 என்று ஹோவர்ட் வென்றது. தேசியத் தொடரில் ஹோவர்ட் பெண்கள் அணியின் முதல் வெற்றி அது. இரண்டு நாள் கழித்து சவுத் கரோலினா அவர்களை 79-21 என்று நொறுக்கியது. முதல் பாதியில் ஹோவர்ட் எடுத்தது நான்கே புள்ளி. இந்த இரண்டாவது எண்ணைக் காட்டி, இத்தகைய அணிகளை ஏன் உள்ளே விட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு முதல் எண்தான் முக்கியம். அந்த 55-51ஐ அந்தப் பெண்களிடமிருந்து யாரும் எடுக்க முடியாது. கான்ஃபரன்ஸ் தொடர் இல்லாவிட்டால் இன்கார்னேட் வேர்ட் அந்த அரங்கத்தின் படியைக்கூட மிதித்திருக்காது.

சிறிய குழுவுக்கும் பெரிய குழுவுக்கும் இடையில் இருப்பவை இன்னும் சுவாரசியமானவை. மேற்குக் கடற்கரை கான்ஃபரன்ஸில் 2024இல் கொன்சாகா லீக்கில் தோல்வியே இல்லாமல் வந்தது. இறுதியில் போர்ட்லண்ட் 67-66 என்று அதை வென்றது. கொன்சாகா நல்ல அணி. தேர்வுக் குழு அதற்குத் தாராளமாக இடம் தந்தது, நான்காம் தர எண்ணும் தந்தது. அதனால் அது ஸ்போகேனில் தன் வீட்டிலேயே முதல் இரண்டு சுற்றுகளை ஆடி வென்றது. போர்ட்லண்டும் நேரடி இடத்தில் உள்ளே வந்தது. விளைவு, அந்தக் குழுவுக்கு ஓர் இடம் கூடியது. வேறெங்கோ, தேர்வுக் குழுவின் பட்டியலில் கடைசியாக இருந்த ஓர் அணி வெளியே தள்ளப்பட்டது. மார்ச் முதல் இரண்டு வாரம், விளிம்பில் நிற்கும் அணிகள் எங்கோ தொலைவில் நடக்கும், தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத இறுதி ஆட்டங்களை நகம் கடித்தபடி பார்ப்பது இதனால்தான்.

லீக் முதலிடத்து அணிக்கு இது அநீதி இல்லையா என்றால், ஓரளவு அநீதிதான். அதை மறைக்க மாட்டேன். ஹார்வர்ட், பிரின்ஸ்டன் போன்ற பல்கலைக்கழகங்களின் கான்ஃபரன்ஸான ஐவி லீக் இந்த நியாயத்தைச் சொல்லியே வெகு காலம் கான்ஃபரன்ஸ் தொடர் இல்லாமல் இருந்தது. லீக்கில் முதலிடம் பிடித்த அணியே நேராகத் தேசியத் தொடருக்குப் போனது. 2017இல்தான் அவர்களும் மாறினார்கள். ஆனால் எல்லா அணிகளையும் கூட்டாமல், முதல் நான்கு அணிகளை மட்டும் அழைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. லீக்கில் உழைக்காதவர்களுக்கு இடமில்லை, உழைத்தவர்களில் யாருக்கும் கதவு மூடவும் இல்லை. 2022இல் கென்டக்கியை வீழ்த்திய பிரின்ஸ்டன் அந்த ஐவி தொடரை வென்று வந்த அணிதான். 2025இல் ஹார்வர்ட் இறுதியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தை 74-71 என்று வென்றது. தேர்வுக் குழு கொலம்பியாவையும் பிரின்ஸ்டனையும் சேர்த்து அழைத்ததால், ஐவியிலிருந்து முதல் முறையாக மூன்று பெண்கள் அணிகள் உள்ளே போயின. லீக்கில் முதலிடம் பிடித்தும் தேசியத் தொடரில் இடம் கிடைக்காத அணிகளுக்கும் இடம் தரும், 32 அணிகள் கொண்ட ஒரு தனி அழைப்புத் தொடரையும் 2024 முதல் என்.சி.ஏ.ஏ. நடத்துகிறது. அது தேசியத் தொடருக்கு ஈடில்லை. ஆனாலும் நான்காண்டு உழைத்த ஒரு வீராங்கனையின் கடைசி ஆட்டம் ஒரு மோசமான மாலையோடு முடியாமல் இருக்க அது உதவுகிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்கள் தேசியத் தொடரில் ஓர் அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் கான்ஃபரன்ஸுக்குப் பணம் போவது நெடுங்கால வழக்கம். பெண்களுக்கு இது 2025 வரை இல்லவே இல்லை. முதல் ஆண்டுக்கு ஒதுக்கிய தொகை 15 மில்லியன் டாலர். ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 1,13,000 டாலர். பெரிய கான்ஃபரன்ஸுக்கு இது சில்லறை. பஸ்ஸிலேயே பயணம் செய்யும் ஒரு சிறிய கான்ஃபரன்ஸுக்கு அப்படியல்ல. எனவே அங்கே நடக்கும் இறுதி ஆட்டத்தின் கனம் இப்போது முன்பைவிடக் கூடியிருக்கிறது.

இந்தக் கோப்பையை எப்படி மதிப்பது என்பதற்கு மறுபடியும் பாட் சம்மிட்டிடம் போகிறேன். 1974இல் 22 வயதில் அவர் டென்னசியில் பொறுப்பேற்றபோது மாதச் சம்பளம் 250 டாலர். வீராங்கனைகளின் சீருடையை அவரே துவைத்தார், அணியின் வேனை அவரே ஓட்டினார். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த சட்டம் வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். பெண்களுக்கு என்.சி.ஏ.ஏ. தேசியத் தொடரே 1982இல்தான் வந்தது. எஸ்.இ.சி. பெண்கள் தொடர் அதற்கும் முந்தியது: 1980இல் டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் முதல் முறை நடந்தது, வென்றது சம்மிட்டின் அணி. அதிலிருந்து பதினாறு முறை அந்தக் கோப்பையை அவர் தூக்கினார். 2011 ஆகஸ்டில் தனக்கு மறதி நோய் வந்திருப்பதை வெளிப்படையாக அறிவித்துவிட்டு, அடுத்த பருவம் முழுவதும் அணியோடு பெஞ்சில் உட்கார்ந்தார். 2012 மார்ச்சில் நாஷ்வில்லில் டென்னசி எல்.எஸ்.யு.வை 70-58 என்று வென்று எஸ்.இ.சி. கோப்பையை எடுத்தது. தேசியத் தொடரில் அந்த அணி காலிறுதியோடு நின்றது. எட்டுத் தேசியக் கோப்பை வென்றவருக்குப் பயிற்சியாளராகக் கிடைத்த கடைசிக் கோப்பை அந்தக் கான்ஃபரன்ஸ் கோப்பைதான். அன்று அந்த அணியில் இருந்த எவரிடமாவது போய் இந்தத் தொடர் எதற்கு என்று கேட்டால், உங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

அடுத்த மார்ச்சில் இதைப் பார்க்க உட்கார்ந்தீர்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் வரை காத்திருக்காதீர்கள். வியாழக்கிழமையே தொடங்குங்கள். ஏழாம் இடத்து அணியைப் போன்ற நடு அணிகள் ஆடும், தொலைக்காட்சியில் பெரிதாக விளம்பரம் செய்யப்படாத ஆட்டத்தைப் பாருங்கள். எந்த அணி தேசியத் தொடரின் விளிம்பில் நிற்கிறது, எந்த அணி முதல் பதினாறுக்குள் நுழையப் பார்க்கிறது என்பதை முன்பே தெரிந்துகொண்டு பார்த்தால், ஒவ்வொரு ரீபவுண்டுக்கும் ஏன் தரையில் விழுந்து புரள்கிறார்கள் என்பது தெரியும். அடுத்த வாரம் வரும் சிறிய கான்ஃபரன்ஸ்களின் இறுதி ஆட்டங்களையும் விட்டுவிட வேண்டாம். அங்கே தோற்கும் அணிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேசியத் தொடருக்குப் போக வேறு வழியே கிடையாது.